பேட்டரி தீரும் இடத்தில்தான் ஓவர்டேக்: மெல்போர்னுக்கு முன் 2026 ஃபார்முலா 1 கார்களைப் படிப்பது எப்படி

மார்ச் 8, ஞாயிறு. நம் நேரம் காலை 9.30-க்கு மெல்போர்னின் ஆல்பர்ட் பார்க்கில் 22 கார்கள் புறப்படும். பதினைந்து சீசன்களாகப் பார்த்துப் பழகிய ஒன்று அன்றைக்கு இருக்காது. முன்னால் போகிறவரை ஒரு வினாடிக்குள் நெருங்கினால் பின்இறக்கையைத் திறந்துகொண்டு பாயலாம் என்ற டிஆர்எஸ், 2011-இல் வந்தது, 2025-உடன் முடிந்தது. அதற்குப் பதிலாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டால் ஒருவர் 'ஸ்ட்ரெயிட் மோட்' என்கிறார், இன்னொருவர் 'பூஸ்ட்' என்கிறார், வேறொருவர் 'ஓவர்டேக் மோட்' என்கிறார். மூன்றும் ஒன்றல்ல. இவற்றைக் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

மீதிக் குழப்பம் சீசனுக்கு முன் பஹ்ரைனில் நடந்த சோதனை ஓட்டங்களால் வந்தது. அங்கே வேகமாக ஓடிய கார் மெல்போர்னிலும் முந்தும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த ஆண்டு அப்படி நினைக்க வழக்கத்தைவிடக் குறைவான காரணமே இருக்கிறது. இந்தக் காரில் முந்துவதும் முந்தப்படுவதும் பேட்டரிக் கணக்கு. அந்தக் கணக்கில் பஹ்ரைன் வசதியான வீடு, மெல்போர்ன் கையிருப்பு குறைந்த வீடு.

காரில் என்ன மாறியது

இன்ஜின் அதே 1.6 லிட்டர் வி6 டர்போ. ஆனால் அதன் பங்கு சுமார் 550 கிலோவாட்டிலிருந்து சுமார் 400 கிலோவாட்டுக்கு இறங்கிவிட்டது. பின்சக்கரங்களை ஓட்டும் மின்மோட்டார், அதாவது எம்ஜியு-கே, 120-லிருந்து 350 கிலோவாட்டுக்கு ஏறிவிட்டது. டர்போவோடு இணைந்திருந்த இன்னொரு மோட்டாரான எம்ஜியு-எச் அடியோடு நீக்கப்பட்டது. ஆக, காரின் மொத்தச் சக்தியில் ஏறக்குறைய பாதி இப்போது மின்சாரம்.

உடலும் சுருங்கியிருக்கிறது. அகலம் 2,000 மில்லிமீட்டரிலிருந்து 1,900. முன்-பின் அச்சுகளுக்கு இடையிலான உச்ச நீளம் 3,600-லிருந்து 3,400. குறைந்தபட்ச எடை 800 கிலோவிலிருந்து 768. டயர் முன்னால் 25, பின்னால் 30 மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கிறது. 2022 முதல் காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடித்த அடித்தளச் சுரங்க வடிவம் போய், தட்டையான தளம் திரும்பியிருக்கிறது. 2024 ஜூனில் விதிகளை முதலில் அறிவித்தபோது விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ சொன்ன குறி, டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) 30 சதவீதமும் காற்றுத்தடை 55 சதவீதமும் குறையும் என்பது. அதற்குப் பிறகு விதிகள் திருத்தப்பட்டுவிட்டன. எனவே அந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: வளைவில் பிடிப்பு குறைவு, நேர்ப்பாதையில் காற்றுத்தடையும் குறைவு.

ஒரு யூனிட் கரண்ட்

இந்தக் காரின் பேட்டரியில் ஒரு நேரத்தில் ஏற்றி இறக்க அனுமதிக்கப்பட்ட அளவு 4 மெகாஜூல். மின்கட்டண அட்டையின் கணக்கில் சொன்னால் 1.1 யூனிட். சேலம் ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும் மின்ஸ்கூட்டர்களில் பலவற்றின் பேட்டரி 3 யூனிட் பிடிக்கும். உலகின் மிக வேகமான பந்தயக் கார் கையாளும் இருப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் எடுக்கும் வேகம் வேறு. 350 கிலோவாட் என்றால் சுமார் 470 குதிரைத்திறன். ஆத்தூர் பக்கத்துக் கிணறுகளில் ஓடும் 5 எச்.பி. பம்புசெட்டுகள் 94-ஐ ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். அந்த வேகத்தில் உறிஞ்சினால் நிரம்பிய 4 மெகாஜூல் பதினொன்றரை வினாடியில் தீர்ந்துவிடும்.

அப்படியானால் சுற்று முழுக்க எப்படி ஓடுகிறது? ஓடிக்கொண்டே திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். ஒரு சுற்றில் நிரப்பலாம் என்று விதி அனுமதிக்கும் உச்ச அளவு 8.5 மெகாஜூல். சில பாதைகளில் இதைக் குறைக்கும் அதிகாரம் எஃப்ஐஏ-வுக்கு உண்டு. இந்த 8.5-ஐ 350 கிலோவாட்டால் வகுத்தால் 24 வினாடி. ஆல்பர்ட் பார்க் சுற்று ஏறத்தாழ 80 வினாடி. அதில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியே இருக்கும். அந்த நேரம் முழுவதற்கும் முழு மின்சாரம் கிடைக்காது. எந்த 24 வினாடிக்குக் கொடுப்பது, எங்கே பட்டினி போடுவது என்பதை முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு அணியும் வேறுவேறு மாதிரி பிரித்து வைத்திருக்கும். முந்தும் வாய்ப்பு பிறப்பது இந்த வேறுபாட்டில்தான்.

ஏற்காடு இறக்கமும் ஃபார்முலா 1 பிரேக்கும்

மின்காரில் ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கியவர்களுக்கு இந்தப் பகுதி சட்டென்று புரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும்; பேட்டரி சதவீதம் மெல்ல ஏறும். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள கார் சுமார் 1,100 மீட்டர் இறங்குகிறது என்றால் அதில் அடங்கிய ஆற்றல் 19 மெகாஜூல் சொச்சம். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மற்றதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வரும் மொத்த இறக்கத்தின் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவை, ஒரு ஃபார்முலா 1 கார் சமதளத்தில் ஒன்றேகால் நிமிடத்தில் திரட்டப் பார்க்கிறது.

மேலே தங்கிய இடத்தில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, 100 சதவீதத்தோடு இறங்கத் தொடங்கினால் இன்னொன்றையும் பார்க்கலாம். முதல் சில வளைவுகளில் கார் தானாக இழுத்துப் பிடிக்காது; பிரேக் பெடலைத்தான் மிதிக்க வேண்டும். பேட்டரியில் இடமில்லாததால் வரும் ஆற்றலை வாங்க முடியவில்லை. மலைப்பாதை தெரிந்தவர்கள் அதனால்தான் 80, 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குகிறார்கள். ஃபார்முலா 1-லும் இதே சிக்கல், இன்னும் சிறிய பாத்திரத்தில். பெரிய பிரேக் வரும் இடத்துக்கு முன் பேட்டரியைக் காலி செய்யாமல் போனால் அங்கே கிடைப்பது வீண். முன்னதாகவே காலி செய்துவிட்டால் நேர்ப்பாதையின் கடைசி 200 மீட்டரில் கையில் ஒன்றும் இராது.

இப்போது பிரேக்கின் கணக்கு. எரிபொருளோடு 840 கிலோ இருக்கும் கார் 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்கு இறங்கும்போது இழக்கும் ஆற்றல் சுமார் 2.6 மெகாஜூல். ஆனால் அந்தப் பிரேக் நீடிப்பது ஏறத்தாழ ஒன்றரை வினாடி. மோட்டார் 350 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. ஒன்றரை வினாடிக்கு அரை மெகாஜூல்தான் சேரும். மற்ற இரண்டு மெகாஜூலும் பிரேக் தகடுகளில் வெப்பமாகவும் காற்றுத்தடையிலும் போய்விடும். எவ்வளவு கடுமையாகப் பிரேக் போடுகிறார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் போடுகிறார்கள், எத்தனை முறை போடுகிறார்கள் என்பதே பேட்டரிக்கு முக்கியம். அரை அரையாகச் சேர்த்து 8.5-ஐ எட்ட வேண்டுமானால் பதினேழு பெரிய பிரேக் வேண்டும். எந்தப் பாதையிலும் அத்தனை கிடையாது.

எனவே பற்றாக்குறையை வேறு வழிகளில் நிரப்புகிறார்கள்:

1. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தும் நேரத்தில் இன்ஜினைச் சற்றுக் கூடுதலாக ஓட்டி, அந்த மிகுதியை மோட்டார் வழியாகப் பேட்டரிக்கு அனுப்புவது. இதில் நேர இழப்பு குறைவு.

2. பிரேக் புள்ளிக்கு 50, 100 மீட்டர் முன்பே காலை எடுத்துவிட்டு உருள விடுவது. 'லிஃப்ட் அண்ட் கோஸ்ட்' என்று வர்ணனையில் சொல்வது இதைத்தான்.

3. ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியிருக்கும்போதே, நேர்ப்பாதையின் கடைசிப் பகுதியில் இன்ஜின் சக்தியின் ஒரு பங்கைத் திருப்பி மோட்டாரைச் சுற்றுவது. 'சூப்பர் கிளிப்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநரின் கால் அசையாது. கார் மட்டும் வேகம் இழக்கும்.

மூன்றாவதுதான் இந்த ஆண்டு பார்ப்பவர்களை அதிகம் திகைக்க வைக்கும். நேர்ப்பாதையின் நடுவில் 320-ஐத் தொட்ட கார், முடிவில் 300-க்கும் கீழே வரலாம். பழுது என்று நினைக்கத் தோன்றும். பழுதல்ல, கட்டளைப்படி நடப்பது.

மூன்று பெயர்கள், மூன்று வேலைகள்

ஸ்ட்ரெயிட் மோட்: குறித்த நேர்ப்பாதைகளில் முன்இறக்கை, பின்இறக்கை இரண்டின் மடல்களும் சாய்ந்து காற்றுத்தடையைக் குறைக்கும். பிரேக் போட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த நிலைக்குக் 'கார்னர் மோட்' என்று பெயர். இது எல்லா ஓட்டுநருக்கும், எல்லாச் சுற்றிலும் உண்டு. முன்னால் யார் இருக்கிறார், எவ்வளவு இடைவெளி என்ற கேள்வியே இல்லை. எனவே இது முந்தும் கருவி அல்ல. பார்வைக்கு டிஆர்எஸ் போலவே இருப்பதால் தொலைக்காட்சியில் இறக்கை திறந்ததும் 'இதோ முந்தப்போகிறார்' என்று நினைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பூஸ்ட்: பேட்டரியில் இருப்பதை ஓட்டுநர் தன் விருப்பப்படி கூடுதலாக எடுத்துக்கொள்ளும் பொத்தான். தாக்கவும் பயன்படும், தற்காக்கவும் பயன்படும். புதிதாக ஆற்றல் எதுவும் தராது. நாளைக்கு வைத்திருந்ததை இன்றைக்குச் செலவழிப்பது போல.

ஓவர்டேக் மோட்: டிஆர்எஸ்-இன் இடத்துக்கு உண்மையில் வந்திருப்பது இதுவே. இடைவெளியை அளக்கும் 'கண்டறியும் கோட்டில்' முன்காருக்கு ஒரு வினாடிக்குள் இருந்தால் பின்காருக்கு இரண்டு சலுகை. ஒன்று, அந்தச் சுற்றில் அரை மெகாஜூல் கூடுதலாகத் திரட்டலாம். இரண்டு, உயர் வேகத்தில் மின்சக்தியைக் குறைக்கும் விதி அவருக்குத் தளர்த்தப்படும். இரண்டாவதுதான் பெரியது, அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரண நிலையில் மோட்டார் 290 கிலோமீட்டர் வேகம் வரைதான் முழு 350 கிலோவாட் தரலாம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 கிலோவாட் குறைந்துகொண்டே வரும். 340-ஐத் தாண்டினால் இன்னும் செங்குத்தாக விழுந்து, 345-இல் பூஜ்யம். ஓவர்டேக் மோடில் இருப்பவருக்கு 337 வரை முழு 350 கிலோவாட், 355-இல்தான் பூஜ்யம். இருவரும் 320-இல் ஓடும்போது முன்காருக்கு 200 கிலோவாட், பின்காருக்கு 350. வேறுபாடு 150 கிலோவாட், அதாவது 200 குதிரைத்திறன். 330-இல் வேறுபாடு 200 கிலோவாட்.

எண்ணைப் பார்த்தால் பயங்கரம்தான். ஆனால் சலுகையாகக் கிடைத்த அரை மெகாஜூலால் 150 கிலோவாட் வேறுபாட்டைத் தாங்க முடிவது மூன்றே கால் வினாடிக்கு. அதற்குப் பிறகு அவர் செலவழிப்பது தன் சொந்தச் சேமிப்பு. முந்தி முடித்துவிட்டு அடுத்த நேர்ப்பாதைக்கு வரும்போது பேட்டரி வற்றியிருந்தால், பின்னால் தள்ளப்பட்டவர் இப்போது ஒரு வினாடிக்குள் இருக்கிறார், அவர் கையில் சேமிப்பும் இருக்கிறது. ஒரே இரண்டு கார்கள் நாலைந்து முறை இடம் மாறிக்கொள்ளும் காட்சிக்கு இதுவே காரணமாக அமையும். ஒருமுறை முந்தியதை வைத்து 'முடிந்தது' என்று எழுதிவிடக் கூடாது. அடுத்த சுற்றின் அதே புள்ளியில் யார் முன்னால் என்று பார்த்த பிறகே சொல்ல முடியும்.

எவ்வளவு நெருங்க வேண்டும்

300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி என்பது 83 மீட்டர். பின்கார் 20 கிலோமீட்டர் அதிக வேகத்தில் வந்தால், அந்த 83 மீட்டரைக் கழிக்க 15 வினாடி ஆகும். அவ்வளவு நீளமான நேர்ப்பாதை ஆல்பர்ட் பார்க்கில் இல்லை. எனவே 0.9 வினாடியில் ஓவர்டேக் மோட் கிடைத்துவிட்டதாலேயே ஒன்றும் நடந்துவிடாது. 0.3 வினாடி, அதாவது 25 மீட்டரில் இருந்தால் நாலரை வினாடி போதும். இதையே முன்காரின் மின்சாரம் தீர்ந்துபோன நிலையில் கணக்கிட்டுப் பாருங்கள்: வேறுபாடு 40 கிலோமீட்டர் ஆனால் ஒரு வினாடி இடைவெளிகூட ஏழரை வினாடியில் காணாமல் போகும். பொத்தானைவிட, எதிராளியின் பேட்டரி எந்த இடத்தில் தீர்கிறது என்பதே பெரிய ஆயுதம். இது ஆபத்தான இடமும்கூட. முன்கார் திடீரென்று இளைக்கும்போது பின்னால் வருபவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக அதன் முதுகில் போய் நிற்பார்.

நெருங்குவதில் இன்னொரு தடை, கலங்கிய காற்று. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயம் பார்த்தவர்களுக்கு, இறக்கையில்லாத கார்கள் ஒன்றின் முதுகில் ஒன்றாக வளைவுக்குள் நுழைவது நினைவிருக்கும். அவற்றின் பிடிப்பு டயரிலிருந்து வருகிறது. முன்கார் காற்றைக் கலக்கினாலும் பெரிய நட்டமில்லை. ஃபார்முலா 1 காரின் பிடிப்பில் பெரும்பங்கு காற்றிலிருந்து வருவதால், கலங்கிய காற்றில் முன்பக்கம் வழுக்கும், டயர் சூடேறும், இடைவெளி விரியும். 2022-இல் 20 மீட்டர் பின்னால் வரும் கார் தன் டவுன்ஃபோர்ஸில் 80, 85 சதவீதத்தைத் தக்கவைத்தது. அணிகள் விதியின் சந்துபொந்துகளைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, 2025-க்குள் அது சுமார் 70-க்கு வந்துவிட்டது. புதிய விதி சுமார் 90-ஐக் குறி வைத்து எழுதப்பட்டது. முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தடுப்புப் பலகைகள் காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும்படி வைத்திருப்பது அதற்காகத்தான்.

எதிர்த்திசையில் ஒரு நட்டமும் உண்டு. ஓமலூர் சாலையில் பேருந்துக்குப் பின்னால் இரு சக்கர வண்டியில் போனால் முகத்தில் அடிக்கும் காற்று சட்டென்று நின்றுவிடும். அந்த இழுப்புதான் ஸ்லிப்ஸ்ட்ரீம். எல்லாக் கார்களும் நேர்ப்பாதையில் இறக்கையைச் சாய்த்துக்கொண்டு ஓடும்போது, முன்கார் காற்றில் குடையும் ஓட்டை சிறுத்துவிடுகிறது. பேருந்துக்குப் பின்னால் போவதற்கும் ஒரு மொபெட்டுக்குப் பின்னால் போவதற்கும் உள்ள வித்தியாசம். வளைவில் நெருங்குவது எளிதாகிறது, நேர்ப்பாதையில் இழுப்பு குறைகிறது. இரண்டில் எது எடை கூடியது என்பதைப் பந்தயம்தான் காட்டும். வளைவில் நெருங்க முடிவதுதான் அதிகப் பலன் தரும் என்பது என் கணிப்பு.

பஹ்ரைன் ஏன் மெல்போர்ன் ஆகாது

பஹ்ரைனின் சாகிர் பாதை 5.412 கிலோமீட்டர். நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் கடும் பிரேக், மறுபடி நேர்ப்பாதை, மறுபடி கடும் பிரேக் என்ற அமைப்பு. முதல் வளைவு, நான்காவது, எட்டாவது, பத்தாவது, பதினான்காவது என்று பேட்டரி நிரப்ப இடம் வந்துகொண்டே இருக்கும். அங்கே எந்த அணியும் பெரிதாகத் திண்டாட வேண்டியதில்லை.

ஆல்பர்ட் பார்க் 5.278 கிலோமீட்டர், 58 சுற்று. ஏரியைச் சுற்றிப் போகும் வேகமான பாதை. 2022-இல் பழைய சிக்கேனை (வேகத்தைக் குறைக்க வைக்கும் நெளிவளைவு) எடுத்துவிட்டு வளைவுகளை அகலப்படுத்தியதில் இன்னும் வேகமானது. முதல் வளைவு, மூன்றாவது, பதினொன்றாவது ஆகியவற்றை விட்டால் பெரிய பிரேக் என்று சொல்ல அதிகமில்லை. முக்கியமானது, ஏரிக்கரையோரம் முழு வேகத்தில் போகும் அந்த நீண்ட ஓட்டம் முடிகிற இடம். அது கொண்டை ஊசி வளைவில் முடிவதில்லை. ஒன்பது, பத்தாம் வளைவுகளான வேகமான இடம்-வலம் திருப்பத்தில் முடிகிறது. பேட்டரியைக் கொட்டித் தீர்த்துவிட்டு வருகிறோம், ஆனால் திருப்பி நிரப்ப அங்கே பிரேக் இல்லை. செலவு பெரிது, வரவு இல்லை.

இதனால் மூன்று விளைவுகளை எதிர்பார்க்கலாம். முதலாவது, ஏரிக்கரை ஓட்டத்தின் கடைசியில் பல கார்கள் சூப்பர் கிளிப்பிங்கில் இளைக்கும். பதினொன்றாம் வளைவுக்கான தாக்குதல் அங்கேயே தொடங்கும். அடுத்து, தகுதிச்சுற்றில்கூட ஓட்டுநர்கள் முழு மூச்சாக ஓட்ட முடியாமல் சில இடங்களில் காலை எடுக்க நேரும். கடைசியாக, ஒரே இன்ஜினை வைத்திருக்கும் அணிகளுக்குள்ளேயே இடைவெளி விழலாம், ஏனென்றால் எங்கே செலவழிப்பது என்ற நிரல் ஒவ்வொருவருக்கும் வேறு.

இன்ஜின் கணக்கு இப்படி: மெர்சிடிஸ் எட்டுக் காரில் (மெர்சிடிஸ், மெக்லாரன், வில்லியம்ஸ், அல்பைன்), ஃபெராரி ஆறில் (ஃபெராரி, ஹாஸ், புதிதாக வரும் கேடிலாக்), ரெட்புல்-ஃபோர்டு நான்கில், ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டினின் இரண்டில், ஆடி தன் இரண்டில். எட்டுக் காரின் தரவு கிடைப்பவருக்கும் இரண்டு காரை மட்டும் வைத்துக் கற்றுக்கொள்பவருக்கும் முதல் சில பந்தயங்களில் நிச்சயம் வித்தியாசம் தெரியும். புது இன்ஜினைப் புரிந்துகொள்ள, ஓடிய கிலோமீட்டர்தான் மூலதனம்.

சோதனை நேரங்களை எப்படிப் படிப்பது

எடை முதலில். 10 கிலோ எரிபொருளுக்குச் சுற்றில் சுமார் 0.3 வினாடி என்பது பழைய வாய்ப்பாடு. இந்த ஆண்டு பந்தயத்துக்குத் தேவைப்படுவது சுமார் 70 கிலோ என்ற மதிப்பீட்டை எடுத்துக்கொண்டால், நிரம்பிய டேங்குக்கும் காலி டேங்குக்கும் இரண்டு வினாடி வித்தியாசம். பட்டியலில் முதல் காருக்கும் எட்டாவது காருக்கும் ஒரு வினாடி என்றால், அந்த ஒரு வினாடி முழுக்க எரிபொருளாகவே இருக்கலாம்.

ஒற்றைச் சுற்று நேரத்தை விட்டுவிட்டு, இடைநிற்காமல் ஓடிய 12, 15 சுற்றுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எரிபொருள் எரிவதால் கார் சுமார் 0.035 வினாடி வேகமாக வேண்டும். நேரம் மாறாமல் ஒரே மாதிரி இருந்தால், டயர் அதே அளவு தேய்கிறது என்று பொருள். அரை வினாடி ஏறிக்கொண்டே போனால் டயரோ பேட்டரித் திட்டமோ தடுமாறுகிறது.

வரலாறும் எச்சரிக்கிறது. 2019 குளிர்காலச் சோதனையில் ஃபெராரிதான் முன்னணி என்று பேசப்பட்டது. மெல்போர்னில் மெர்சிடிஸின் போட்டாஸ் 20 வினாடிக்கு மேல் முன்னால் வந்து வென்றார், ஃபெராரிகள் நான்கு, ஐந்து. 2014-இல், அதாவது முந்தைய பெரிய ஹைபிரிட் மாற்றத்தின்போது, சோதனையில் ரெட்புல் கார் ஓடவே திணறியது. மெல்போர்னில் அதன் ஓட்டுநர் ரிக்கியார்டோ இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார், எரிபொருள் பாய்வு அளவை மீறியதாகப் பிறகு தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மறுபுறம், 2009-இல் சோதனையில் எல்லோரையும் மிரட்டிய பிரான் அணி மெல்போர்னிலும் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தது. சோதனை பொய் சொல்லும் என்பதல்ல. எதை அளந்தார்கள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம்.

புறப்படும் அந்த நொடிகள்

எம்ஜியு-எச் இருந்தவரை டர்போவை மின்சாரத்தாலேயே சுழற்றித் தயாராக வைத்திருந்தார்கள். இப்போது புகைப்போக்கு அழுத்தம் மட்டும்தான் சுழற்ற வேண்டும். எம்ஜியு-கே உதவலாமே என்றால், நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது 50 கிலோமீட்டர் வேகம் வரும்வரை அதைப் பயன்படுத்த விதி அனுமதிப்பதில்லை. எனவே விளக்கு அணைவதற்குப் பல வினாடி முன்பிருந்தே இன்ஜினை உயர்சுழற்சியில் பிடித்திருக்க வேண்டும். பஹ்ரைனில் அந்த நீண்ட உறுமலைக் கேட்டிருப்பீர்கள். வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் காருக்கு அந்த அவகாசம் குறைவு. இதற்காகவே விளக்குகள் எரியத் தொடங்கும் முன் கூடுதல் சில வினாடி தரும் நடைமுறையை அங்கே ஒத்திகை பார்த்தார்கள். டர்போ தயாராகாமல் கிளட்சை விட்டால் கார் தவழும். பின்னால் இருபது கார்கள். மெல்போர்னில் மிக அதிகமாக இடம் மாறும் நேரம் இந்த முதல் ஐந்து வினாடியாக இருக்கக்கூடும்.

ஞாயிறு காலை எதைக் கவனிக்க

1. பின்விளக்கு. நேர்ப்பாதையில் முன்காரின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கினால் அது ஆற்றலைத் திரட்டுகிறது, அதாவது இளைக்கிறது. எந்தக் காரின் விளக்கு முதலில் சிமிட்டுகிறதோ அதுதான் முந்தப்படும் கார்.

2. ஒலி. காரினுள் இருக்கும் கேமராவில் ஆக்சிலரேட்டர் பட்டை முழுதாக இருக்கும்போதே வேக எண் இறங்கி, இன்ஜின் சுருதியும் இறங்கினால் சூப்பர் கிளிப்பிங். சனிக்கிழமை தகுதிச்சுற்றிலேயே இதைக் குறித்து வைத்துக்கொண்டால் ஞாயிறன்று யார் எங்கே பலவீனம் என்று தெரிந்துவிடும்.

3. கடைசி இரண்டு வளைவுகள். முன்னால் போகிறவர் அங்கே வேண்டுமென்றே பேட்டரியைச் செலவழித்து, கண்டறியும் கோட்டில் இடைவெளியை ஒரு வினாடிக்கு மேல் வைக்கப் பார்ப்பார். வென்றால் பின்னவருக்கு ஓவர்டேக் மோட் கிடையாது. ஆனால் அந்தச் செலவு முதல் நேர்ப்பாதையிலேயே தெரியும்.

4. மழை. 2025 மெல்போர்ன் பந்தயம் ஈரத்தில் தொடங்கியது. பிடிப்பு குறைந்தால் இறக்கைகளை முழுதாகத் திறக்க அனுமதிக்க மாட்டார்கள். நேர்ப்பாதையில் தடை கூடும், வளைவில் காலை மென்மையாக வைப்பதால் பாதி முடுக்கத்தில் திரட்டும் நேரமும் கூடும். பேட்டரிப் பஞ்சம் சற்றுத் தணியும். மேலே போட்ட கணக்குகளில் பல அன்றைக்குச் செல்லாது.

இதே மெல்போர்னில்தான் 2005-இல் கோவையின் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் முதன்முதலாக ஓடி 15-வதாக முடித்தார். அன்று ஒரு ஓட்டுநரின் கவனம் டயரிலும் எரிபொருளிலும் இருந்தது. இன்று அந்த இருக்கையில் இருப்பவர் அவற்றோடு சேர்த்து, சுற்றுக்கு 2.4 யூனிட் கரண்டை எந்த 24 வினாடிக்குப் பங்கிடுவது என்றும் பார்க்க வேண்டும்.

மெல்போர்னில் திணறும் காரை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்த பந்தயம் மார்ச் 13 முதல் 15 வரை சீனாவின் ஷாங்காயில். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பின்நேர்ப்பாதை, பதினான்காம் வளைவான கொண்டை ஊசியில் முடிகிறது. கொட்டித் தீர்த்ததை அங்கேயே திருப்பி நிரப்பத் தொடங்கலாம். மெல்போர்னில் பேட்டரியால் பின்தங்கிய கார் ஷாங்காயில் முன்னே வந்தால், அதன் இன்ஜினிலோ உடலிலோ குறையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் பின்தங்கினால் குறை வேறிடத்தில் இருக்கிறது.